பீங்கானில் ஒரு காவிக் கோடு

1942-ஆம் வருஷம், ஆனி மாதக் கடைசி. பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனில் நான் டிக்கெட் குமாஸ்தாவாக இருந்தேன். தர்மபுரிப் பக்கம் முழுக்க அன்றைக்குச் சேலம் ஜில்லாவில்தான் சேர்த்தி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. ஸ்டேஷனை ஒட்டி ரயில்வே கொடுத்த வீட்டில் நான், என் மனைவி, என் அம்மா, ஆக மூன்று பேர். அம்மாவை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

என் மனைவி பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். அவளைப் பற்றிச் சொல்வதானால் முதலில் அவள் சிரிப்பைத்தான் சொல்ல வேண்டும். வாயை மூடிச் சிரிக்க அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குள் அவள் சிரித்தால் டிக்கெட் ஜன்னலில் நிற்கிற ஆள் திரும்பிப் பார்ப்பான். எனக்கு வெட்கமாக இருக்கும், உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும்.

அந்தச் சித்திரையில் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தாள். இடுப்பில் இருந்த பித்தளைக் குடத்தின் விளிம்பு வாயில் அடித்துவிட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்றில் பாதி போய்விட்டது. வீக்கம் வடிந்தது, வலியும் போனது, சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை. பேசும்போதெல்லாம் முந்தானை வாய்க்கு வந்துவிடும். அப்புறம் பேச்சே குறைந்தது. உடைந்த ஓரம் நாளாக நாளாகக் கறுத்தது.

ஆத்தா அவளைப் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குக் கூட்டிப்போனாள். அங்கே பல் பிடுங்குகிற ஆள் ஒருவன் துணி விரித்து உட்கார்ந்திருப்பான். அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "புடுங்கிட்டுத் தங்கப்பல்லு கட்டிரலாம், பளபளன்னு இருக்கும்" என்றானாம். என் மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

இதற்கு நடுவே ஆவணியில் அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவனுக்கு உடன்பிறந்தவள் இவள் ஒருத்திதான். தாலி கட்டும்போது பின்னால் நின்று முடிச்சுப் போட வேண்டியவள் இவள். என்னிடம் ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் கல்யாணத்துக்கு வரலீங்க. வேற யாரையாச்சும் முடிச்சுப் போடச் சொல்லிருங்க."

நான் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். அவள் அசைந்து கொடுக்கவில்லை. ஊரெல்லாம் கூடுகிற இடத்தில், மேடையில், எல்லோர் கண்ணும் படுகிற மாதிரி நிற்க அவளால் முடியாது. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார்.

பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டு, அங்கிருந்த நம் ஆட்கள் காடு மலையெல்லாம் நடந்து தப்பித்து வந்துகொண்டிருந்த நேரம் அது. மெட்ராஸிலிருந்து வருகிற வண்டிகளில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். பார்த்தவுடனே தெரிந்துவிடும். சட்டை வேறு யாருடையதோ மாதிரி தொங்கும். ஒருநாள் மத்தியானப் பாசஞ்சரில் அப்படி ஒருவரை வண்டியின் கார்டும் இன்னொருவரும் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். குளிர்காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கோயம்புத்தூருக்கு டிக்கெட் இருந்தது. "இதுக்கு மேல வண்டியில வெச்சிருந்தா தாங்க மாட்டாருங்க" என்று கார்டு சொல்லிவிட்டுப் போனார்.

பயணிகள் கூடத்துப் பெஞ்சில் கிடந்தவரை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தாள். ஆத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டாள். சாயங்காலத்துக்குள் அவர் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார். ஸ்டேஷனில் குளிர்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை இருந்தது. அதைக் கொடுத்தோம்.

ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். உடம்பு உருகிப் போயிருந்ததில் கிழவர் மாதிரி தெரிந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு தகரப்பெட்டி. காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தபோதும் ஒரு கை அதன் மேலேயே இருந்தது. தங்கம் கொண்டுவந்திருப்பார் என்று ஆத்தா நினைத்தாள்.

காய்ச்சல் விட்டதும் மெதுவாகப் பேசினார். ரங்கூனில் பல் டாக்டராக இருந்தவராம். மனைவியையும் சின்னப் பெண் குழந்தையையும் முன்கூட்டியே கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். இவருக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை, நடந்தே வந்திருக்கிறார். கப்பல் கரை சேர்ந்ததா, அவர்கள் கோயம்புத்தூரில் மைத்துனர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களா, எதுவும் தெரியாது. "போய்ப் பாத்தாத்தான் தெரியும் தம்பி" என்றார்.

மறுநாள் காலையில் என் மனைவி அவருக்குக் கஞ்சி கொடுத்தபோது வழக்கம்போல முந்தானை வாயில் இருந்தது. அவர் டம்ளரை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"கொஞ்சம் துணிய எடும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள். அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் வாயைப் பார்த்தார். அப்புறம்தான் அந்தப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே நகைநட்டும் இல்லை, துணிமணியும் இல்லை. பஞ்சு சுற்றிய சின்னச் சின்னப் பாட்டில்கள், எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி. மெல்லிய கம்பிக் கருவிகள். தாளுக்கு நடுவே, ஊதினால் பறக்கிற அளவுக்கு மெல்லிசாகத் தட்டிய தங்க ரேக்கு. இன்னொன்று, விசிறி மாதிரி விரிகிற தகடு. அதில் வரிசையாகப் பற்கள்!

ஆத்தா இரண்டு எட்டு பின்னால் போனாள். "அடேய், செத்தவங்க பல்லாடா அதெல்லாம்? வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டாரே!"

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து முதல் தடவையாகச் சிரித்தார். "இல்லீங்கம்மா. பீங்கான். செஞ்ச பல்லு. எந்தப் பல்லு என்ன நிறம்னு ஒத்துப் பாக்கறதுக்கு."

"பீங்கானா? டீ குடிக்கிற கோப்பை மாதிரியா?" என்றாள் என் மனைவி.

"அதே ஜாதி மண்ணுதான். உன் பல்லைப் புடுங்க வேண்டாம்மா. போன துண்டு அளவுக்கு பீங்கான்ல செஞ்சு அடைச்சுடலாம்."

நான் அவர் கையைப் பார்த்தேன். அப்போதுதான் வாங்கிய கஞ்சி டம்ளர் அந்தக் கையில் தளும்பிக்கொண்டிருந்தது. இந்தக் கை என் மனைவியின் வாய்க்குள் போவதா என்று எனக்குப் பயம். தனியாகக் கூப்பிட்டு அவளிடம் சொன்னேன். அவள், "இதுக்கு மேல கெட்டுப்போறதுக்கு என்னங்க இருக்குது?" என்று கேட்டாள்.

அன்று காலையிலேயே கருவிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். அவளை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பல் குடைகிற மிஷினை ரங்கூனிலேயே விட்டுவிட்டாராம், கையாலேயே செய்ய வேண்டும். மோதிர விரலை அவள் தாடையில் ஊன்றினார். அவ்வளவுதான், நடுக்கம் நின்றுவிட்டது. ஊன்றிய விரல் அசையவில்லை, மற்ற விரல்கள் மட்டும் வேலை செய்தன. கறுத்த பாகத்தைச் சுரண்டி எடுத்தார். சின்ன உளியால் உள்ளே பள்ளம் எடுத்தார். கிராம்புத் தைலம் தவிர வேறு மருந்து கிடையாது. அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது, ஆனால் தலையை அசைக்கவில்லை. பிறகு தங்க ரேக்கைத் துண்டு போட்டு அந்தப் பள்ளத்தில் வைத்து, பஞ்சால் அழுத்தி அழுத்தி, வெளியே எடுத்துக் காட்டினார். நகத்தில் கால்பங்குகூட இல்லாத ஒரு தங்கத் தோணி. அவள் பல்லில் இருந்த குழியின் அச்சு.

"இதுக்குள்ள பீங்கானை வெச்சுச் சுடணும்" என்றார். "அதுக்கு உலை வேணும். என் உலையை வழியில போட்டுட்டேன்."

எனக்கு அப்போது கடைவீதியில் இருக்கிற தங்க ஆசாரி ஞாபகத்துக்கு வந்தார். என் கல்யாணத் தாலி செய்தவர். போய்ச் சொன்னேன். "மண்ணுல பல்லா?" என்று கேட்டவர், "கூட்டியாங்க, பாக்கலாம்" என்றார்.

அதற்கு முன்னால் நிறம் பார்க்க வேண்டும். இதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். உச்சி வெயிலில் பார்த்தால் ஏமாற்றிவிடுமாம். வெயில் சாயும்வரை காத்திருந்து, பிளாட்பாரத்து வேப்பமரத்து நிழலில் அவளை நிறுத்தி, அந்த விசிறிப் பற்களை ஒவ்வொன்றாக அவள் பல்லோடு சேர்த்துப் பிடித்தார். உதட்டை ஈரமாக்கச் சொன்னார். தள்ளி நின்று பார்த்தார். கண்ணை மூடித் திறந்து பார்த்தார். என்னையும் கிட்டே கூப்பிட்டார்.

"பல்லு என்ன நிறம் தம்பி?"

"வெள்ளைங்க."

"நல்லாப் பாருங்க."

பார்த்தேன். ஏறக்குறைய ஒரு வருஷமாக அவளோடு குடித்தனம் செய்கிறேன், அன்றைக்குத்தான் அவள் பல்லை நிஜமாகப் பார்த்தேன். ஈறு பக்கம் பழைய வெண்ணெய் மாதிரி மஞ்சள். நடுவில் சோற்று நிறம். நுனியில் வெளிச்சம் ஊடுருவி, தண்ணீர் கலந்த பால் மாதிரி லேசான நீலம். ஒரு பல்லுக்குள் இத்தனை நிறமா!

ஆசாரியின் பட்டறையில் தரையில் பதித்த கரி உலை, பக்கத்தில் துருத்தி. எங்கள் டாக்டர் கண்ணாடித் துண்டின் மேல் இரண்டு மூன்று பாட்டில் பொடிகளைத் துளித்துளியாகத் தண்ணீரில் குழைத்தார். மயிரிழைத் தூரிகையால் அந்தத் தங்கத் தோணிக்குள் பூசினார். பார்ப்பதற்குச் சுண்ணாம்பு மாதிரிதான் இருந்தது. தங்கம் உருக்குகிற சின்ன மண்கிண்ணத்தில் வைத்து, சாம்பல் படாமல் மேலே இன்னொரு கிண்ணத்தைக் கவிழ்த்து, நெருப்புக்குள் வைத்தார்கள்.

துருத்தியை யார் அழுத்துவது என்று பார்த்தபோது என் மனைவி போய் உட்கார்ந்துவிட்டாள். "என் பல்லுக்கு நானே ஊதறேன்."

ஆசாரி அவரிடம் சொன்னார்: "தங்கம் எப்ப உருகும்னு எனக்குத் தெரியுமுங்க. உங்க மண்ணு எப்ப உருகும்னு நீங்கதான் சொல்லோணும்."

"தங்கம் உருகறதுக்குக் கொஞ்சம் முந்தி. அந்தக் கொஞ்சத்தைத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து புடிக்கணும்."

முதல் தடவை பிடிக்க முடியவில்லை. சூடு கூடிப்போய்ப் பீங்கான் கொப்புளம் விட்டிருந்தது. அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் காலையில் புதிதாக அச்செடுத்து மறுபடி ஆரம்பித்தார். ஒரு தடவை சுட்டால் பீங்கான் சுருங்கும். அதன் மேல் இன்னொரு பூச்சு, இன்னொரு சூடு. உலையின் நிறம் மாறமாற இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். செக்கச் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சுப் பழ நிறம், அதற்கும் மேலே. "போதும்" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். என் மனைவி கையை எடுத்தாள்.

ஆறிய பிறகு கிண்ணத்தைத் திறந்தார்கள். சுண்ணாம்பு மாதிரி உள்ளே போனது, பல்லாக வெளியே வந்திருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஈரம் பட்ட மாதிரி ஒரு பளபளப்பு. அந்த மஞ்சள், அந்த நீலம், எல்லாம் அதில் இருந்தது. ஆசாரி அதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரைக் கும்பிட்டாரா, நெருப்பைக் கும்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானப் பாசஞ்சரில் அவர் கிளம்புவதாகப் பேச்சு. ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. வண்டிக்கு நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்து துண்டை அவள் பல்லில் வைத்துப் பார்த்தார். அளவு கச்சிதம். ஆத்தா, "அட சாமி!" என்றாள். ஆனால் அவர் முகம் மலரவில்லை. அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கோடு இல்ல" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் லேசான பழுப்புக் கோடு இருக்கும். தண்ணீரில் இருக்கிற ஏதோ ஒரு உப்புதான் காரணம் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். அப்போது அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை, எல்லோருக்கும் இருப்பதுதானே. என் மனைவிக்கும் முன்பற்களின் குறுக்கே, துவைத்துத் துவைத்து வெளுத்த துணியில் காவிக்கறை மிஞ்சியிருக்கிற மாதிரி, ஒரு மெல்லிய கோடு. பக்கத்துப் பல்லில் ஓடி வருகிற அந்தக் கோடு பீங்கான் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுபோயிருந்தது.

"அது கறைதானுங்களே! அது இல்லாம சுத்தமா இருக்கறது நல்லதுதானுங்களே?" என்றாள் அவள்.

அவர் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். "நீயே பாத்துச் சொல்லு."

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்குது. ஆனா வேற யாரோ பல்லை எடுத்து என் வாயில வெச்ச மாதிரி இருக்குதுங்க."

"அதான்" என்றார் அவர். "கோட்டைப் போட்டுடலாம். தங்க ரேக்கை இன்னும் உரிக்கலை. இன்னொரு சூடு வைக்கணும்."

இன்னொரு சூடு என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. கொஞ்சம் தவறினால் கையில் இருக்கிற நல்ல துண்டும் போய்விடும். அவள் பல் நிறத்துப் பொடி பாட்டிலின் அடியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைவிட, வண்டிக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. நான் போய் டிக்கெட் கொடுக்க வேண்டும், அவர் போய் ஏற வேண்டும்.

என் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. "போதுமுங்கையா. இதே போதும். நீங்க வண்டியேறுங்க. உங்க வூட்டுக்காரம்மாவும் கொழந்தையும் எங்க இருக்காங்களோ, என்ன ஆனாங்களோ, இந்தக் கோட்டுக்காகவா நீங்க நிக்கோணும்?"

அவர் அவளைப் பார்த்தார். ரயில் வருகிற பக்கமும் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஓடிப் போய் ஏறிக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை அதில் அப்படியே தெரிந்தது.

"நாளைக்கும் வண்டி வரும்மா" என்றார்.

வண்டி வந்தது. ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் கொடுத்து முடித்தேன். வண்டி போகிற சத்தம் கேட்டபோது அவர் எங்கள் வாசலில் குனிந்து உட்கார்ந்து தூரிகையின் நுனியைச் சீவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

பழுப்பு நிறத்துக்கு அவரிடம் பொடி இல்லை. பட்டறைக்குப் போனதும் ஆசாரி அதைக் கேட்டுவிட்டு, தங்கத்துக்கு நிறமேற்ற வைத்திருந்த காவிக்கல்லை எடுத்து வந்தார். அதை விரல் நுனியளவு உரைத்து எடுத்து, மிச்சமிருந்த பொடியில் சேர்த்து, அந்தப் பொட்டுத் துண்டின் மேல் ஒரு கோடு இழுத்தார். இழுத்தாரா என்றே தெரியவில்லை, மூச்சு விட்ட மாதிரி இருந்தது. மறுபடி உலை, மறுபடி துருத்தி. இந்தத் தடவை அவள் உலையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்து ஊதினாள். வெளியே சந்தைக்குப் போகிற மாட்டுவண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே எடுத்ததும் அவர் முதலில் என்னிடம் காட்டினார். கோடு இருந்தது.

ரேக்கை உரித்துவிட்டு, ஏதோ பொடியையும் மருந்துத் தண்ணீரையும் குழைத்து, பல்லைப் பஞ்சால் உலர்த்தி, துண்டை வைத்து அழுத்திப் பிடித்தார். அது இறுகுகிறவரை அவள் தாடையில் ஊன்றிய விரலை எடுக்கவில்லை. எடுத்த பிறகு கண்ணாடியைக் கொடுத்தார்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். நாக்கால் தடவினாள். திரும்பவும் பார்த்தாள். "நாக்குக்கு இடம் தெரியுதுங்க, கண்ணுக்குத் தெரியலீங்களே!" என்றாள். ஆத்தா கண்ணாடிக்குப் போட்டியாக முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "எந்தப் பல்லுடி ஒடஞ்சது? இதுவா, அதுவா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். தானே சந்தைக்குக் கூட்டிப்போய்க் காட்டிய பல் அது.

அப்போது என் மனைவி சிரித்தாள். கை தூக்காமல், முந்தானை தேடாமல், பழைய மாதிரியே. பயணிகள் கூடத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கீழே உட்கார்ந்து பாட்டில்களுக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரை வண்டியேற்றினோம். ஆத்தா ராகி உருண்டையும் வெல்லமும் கட்டிக் கொடுத்தாள். அந்தத் தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் வழியில ஒண்ணொண்ணா போட்டேன். கடைசியில சோத்துச் சட்டியையும் போட்டேன். இதைப் போட மனசு வரலை. ஏன்னு அப்பத் தெரியலை" என்றார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

ஆவணியில் என் மனைவி தம்பியின் கல்யாணத்தில் மேடையில் நின்று முடிச்சுப் போட்டாள். அவள் பல்லை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

அவரைப் பற்றி அப்புறம் ஒரே ஒரு சேதி வந்தது. அவரை எங்கள் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போன அதே கார்டு, சில மாதங்கள் கழித்து டிக்கெட் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார்: "உங்க பர்மாக்காரரைக் கோயம்புத்தூர் ஸ்டேஷன்ல பாத்தனுங்க. தோள்ல ஒரு பொட்டப்புள்ள உக்காந்திருந்துச்சு. பக்கத்துல அவங்க வூட்டுக்காரம்மா." நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அதைக் கேட்டு என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகையிலேயே சிரிப்பும் வந்தது.

அந்தப் பீங்கான் துண்டு கடைசிவரை விழவில்லை. பேரன் பேத்திகளிடம், "எந்தப் பல்லுன்னு கண்டுபுடிங்க பாக்கலாம்" என்று வாயைக் காட்டுவாள். ஒருத்தரும் சரியாகச் சொன்னதில்லை.

இப்போது அவள் இல்லை. எத்தனையோ பெரிய மனிதர்களை நான் ரயில்வேயில் பார்த்துவிட்டேன். ஆனால் பெண்டாட்டி பிள்ளை உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத ஒரு மனிதர், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பல்லில் ஒரு கறை சரியாக விழ வேண்டும் என்பதற்காகத் தன் வண்டியைப் போகவிட்டாரே, அதை நினைக்கும்போதெல்லாம் மனிதனுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.